பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கும் முன்...



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு ஒவ்வோர் ஆண்டும் நம் அலுவலகத்துக்கு வரும் கோரிக்கைகளில் ஒன்று, "பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க ஏதாவது உதவி கிடைக்குமா?" என்பது. சிலர் உதவி கேட்பதில்லை. தவணைக்கு எடுக்கலாமா என்று யோசனை மட்டும் கேட்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா?"

பெரும்பாலும் வரும் பதில் இப்படித்தான் இருக்கும்: "இருக்குங்க பாய். அவங்க அத்தா சபர்லேர்ந்து வந்தப்ப வாங்கிப் போட்டது. ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் ஓப்பன் ஆகாது. துணியப் போட்டு மூடி வச்சிருக்கோம்."

இப்படித் துணி போட்டு மூடி வைத்த கம்ப்யூட்டர்கள் நம் மஹல்லாவில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் நான்கைந்து ஆண்டுகள் நன்றாக உழைக்கக்கூடியவை. உள்ளே இருக்கும் ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் போதும். அந்தப் பாகத்தைப் பற்றியும், அதை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை பற்றியும் இந்த இதழில் விளக்குகிறோம். புதிது வாங்கத் தவணைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதில் வட்டி எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று கேட்பது போலவே, வீட்டில் இருப்பது உண்மையிலேயே பயனற்றுப் போய்விட்டதா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிறது?

"பழசாயிடுச்சு, அதான் ஸ்லோ" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கணக்குப் போடும் பிராசசர் வயதாவதால் மெதுவாவதில்லை. 2013இல் விநாடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, இன்றும் அத்தனை போடும். அதற்குத் தேவையானதை எடுத்துக் கொடுக்கும் ஹார்டு டிஸ்க்தான் பின்தங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் கேட்கும் ஃபைல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. டிஸ்க்கின் வேகம் மட்டும் அப்படியே நிற்கிறது.

நாகூர் ஹனீபாவின் பாடல்களை இசைத்தட்டில் கேட்ட பெரியவர்களுக்கு ஹார்டு டிஸ்க்கைப் புரிந்துகொள்வது எளிது. தட்டு சுழலும். ஊசி ஒன்று நகர்ந்து, வேண்டிய இடத்துக்குப் போய் நிற்கும். ஹார்டு டிஸ்க்கும் ஏறக்குறைய அதே அமைப்புதான். ஊசிக்குப் பதிலாக, தட்டைத் தொடாமல் அதற்கு மிக நெருக்கமாக நின்று படிக்கும் சிறு காந்தத் தலை இருக்கிறது. இந்த முறை 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. அந்த முதல் இயந்திரத்தில் இரண்டடி அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சேமித்தது சுமார் 5 எம்.பி. மட்டுமே. இன்று போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்குத்தான் அது காணும்.

நம் டெஸ்க்டாப்பில் உள்ள டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 120 சுற்று. கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஃபைலைத் தேடி அந்தத் தலை நகர்ந்து போய் நிற்கச் சுமார் 9 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய இடம் தலைக்கு நேராகச் சுழன்று வரச் சராசரியாக இன்னும் 4 மில்லி விநாடி. ஆக, ஒரு தேடலுக்கு 13 மில்லி விநாடி. விநாடிக்கு 75 முதல் 80 தேடல்தான் அதனால் முடியும்.

பெரிய வீடியோ ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்க இது போதும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நடப்பது வேறு. தட்டின் மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை விண்டோஸ் கேட்கிறது. மளிகைக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இருபது சாமான் கட்டவேண்டும், ஒவ்வொரு சாமானுக்கும் கடைப் பையன் பின்கட்டு குடோனுக்கு ஒருமுறை ஓடிவர வேண்டும் என்றால் எப்படியிருக்கும்? முதலாளி எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும் வாடிக்கையாளர் நின்றுகொண்டுதான் இருப்பார். நம் பழைய கம்ப்யூட்டரில் நடப்பது இதுதான்.

எஸ்.எஸ்.டி. என்பது என்ன?

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. நம் பென் டிரைவிலும் போனின் மெமரி கார்டிலும் இருக்கும் அதே வகைச் சிப்புகள்தான், இன்னும் உயர்ந்த தரத்தில், வேகமான கட்டுப்பாட்டுச் சிப்புடன் சேர்த்து ஒரு சிறு பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா.

இதில் எந்த ஃபைல் எங்கே இருந்தாலும் எடுக்க ஆகும் நேரம் சுமார் 0.1 மில்லி விநாடிதான். ஹார்டு டிஸ்க் விநாடிக்கு எண்பது முறை தேடும் இடத்தில் இது ஆயிரக்கணக்கான முறை தேடிவிடும். விளம்பரங்களில் "550 எம்.பி. வேகம்" என்று போடுவது தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தை. அதைவிட இந்தத் தேடும் வேகம்தான் அன்றாட வேலையில் நமக்குத் தெரியும் வித்தியாசம்.

நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பது 2013இல் வாங்கிய டெஸ்க்டாப். காலையில் ஆன் செய்தால் வேலை தொடங்க ஏழெட்டு நிமிடம் ஆகும். கல்வி உதவி விண்ணப்பம் போட வந்த தாய்மார்கள் வராந்தாவில் காத்திருப்பார்கள். எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமையும் 2 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி.யாக்கிய பிறகு அரை நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது. மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எதையும் மாற்றவில்லை. ஆன செலவு, புது டெஸ்க்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான்.

நம் கம்ப்யூட்டருக்குப் பொருந்துமா?

வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, இணைப்பு. நாம் சி.பி.யு. என்று சொல்லும் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயர் விரல் அகலத்துக்கும் குறைவாக, பெரும்பாலும் சிவப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அது சாட்டா இணைப்பு. கவலையில்லை. நான்கு விரல் அகலத்தில் பட்டையான சாம்பல் நிற நாடா இருந்தால் அது மிகப் பழைய ஐ.டி.ஈ. வகை. அதற்குச் செலவு செய்வது வீண்.

இரண்டாவது, ரேம். 2 ஜி.பி. மட்டும் இருந்தால் எஸ்.எஸ்.டி. போட்டும் முழுப் பலன் கிடைக்காது. குறைந்தது 4, முடிந்தால் 8 ஜி.பி. ஆக்குங்கள். பழைய போர்டுகளுக்கு வேண்டிய டி.டி.ஆர்.3 ரேம், பயன்படுத்திய நிலையில் மலிவாகவே கிடைக்கிறது.

மூன்றாவது, மதர்போர்டின் உடல்நிலை. போர்டில் நிற்கும் சிறு உருளைகளின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்புக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியிருந்தால் கோளாறு வேறு இடத்தில். எஸ்.எஸ்.டி. அதைத் தீர்க்காது.

நான்காவது, பவர் வயர். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் தட்டையான சாட்டா பவர் முனை ஒன்று காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய நான்கு முள் முனையிலிருந்து மாற்றித்தரும் வயர் போடுவார்கள். அதில் மிக மலிவானவை சூடாகி உருகுவது உண்டு. இருபது முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

எதைக் கேட்டு வாங்குவது?

தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை எங்கே போனாலும் கடையில் "இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி." என்று தெளிவாகக் கேளுங்கள். எம்.2, என்.வி.எம்.ஈ. என்ற பெயர்களில் சூயிங் கம் பட்டை போல இருப்பவை இன்னும் வேகமானவைதான். ஆனால் பத்தாண்டு பழைய போர்டில் அவற்றைச் செருகப் பெரும்பாலும் இடமே இருக்காது.

மாணவர் படிப்புக்கும் அலுவலக எழுத்து வேலைக்கும் 240 அல்லது 256 ஜி.பி. போதும். படங்களும் வீடியோக்களும் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். டெஸ்க்டாப்பில் இரண்டையும் சேர்த்தே மாட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி. பெயர் தெரிந்த நிறுவனத்தின் பொருளாக, மூன்றாண்டு வாரன்டியோடு, பில் போட்டு வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். "1 டெராபைட், பாதி விலை" என்று ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத சரக்கு வேண்டாம். இவற்றின் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் இரண்டு கடையில் விசாரித்து வாங்குவது நல்லது.

முதல் வேலை: நகல்

இந்தப் பகுதியைச் சற்று வருத்தத்தோடுதான் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே அலுவலகக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது ஃபார்மட் செய்யக் கொடுத்தோம். "முக்கியமானது எதுவும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, சி டிரைவைத் தாராளமாக அழியுங்கள்" என்று நாங்களே சொன்னோம். திரையில் கண்ணெதிரே தெரியும் டெஸ்க்டாப்பும், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பது அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. மூன்று ஆண்டு இதழ்களின் ஃபைல்கள் போயின. அதுகூடப் பரவாயில்லை, அச்சடித்த பிரதிகள் இருந்தன. மாதாந்திர உதவி பெறும் விதவைகள், முதியோர் பட்டியலும் அவர்களின் குடும்ப விவரங்களும் சேர்ந்து போயின.

மறுபடி வீடு வீடாகப் போனோம். கடன் எவ்வளவு, யார் கைவிட்டார்கள், வீட்டில் சம்பாதிப்பவர் இருக்கிறாரா என்று, ஒருமுறை சொல்லவே கூசிய விஷயங்களை அந்தச் சகோதரிகளை மறுமுறை சொல்ல வைத்தோம். ஒரு தாய் "போன வருஷமே சொன்னேனே தம்பி" என்றார். எங்களிடம் பதில் இல்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட விவரமும் அமானிதம்தான் என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆகவே, திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் இவற்றை வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்து, அந்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள்:

• டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள்.

• தமிழ் எழுத்துருக்கள். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னும், பல அச்சகங்களில் அதற்குப் பின்னும், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு புதிய டிரைவில் இல்லையென்றால் ஜமாஅத் தீர்மானமும் நிக்காஹ் அழைப்பிதழும் புரியாத ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும்.

• கடை, ரைஸ்மில் வைத்திருப்போர் டேலி கணக்கு. அதன் டேட்டாவை பேக்கப் எடுப்பதோடு, ஃபார்மட் செய்வதற்கு முன் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிடுங்கள்.

• பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள், பிரிண்டர் மற்றும் ஸ்கேனரின் டிரைவர் ஃபைல்கள்.

மாற்றுவது எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் பிரதி எடுப்பது. இதைக் குளோனிங் என்பார்கள். எஸ்.எஸ்.டி. நிறுவனங்கள் பல இதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருளும் உண்டு. ஆனால் அது பொதுவாகப் புதிய டிரைவ் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 500 ஜி.பி. டிஸ்க்கிலிருந்து 240 ஜி.பி.க்கு மாறுவோர் இதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். தலைகீழாகக் கொடுத்துவிட்டால் காலி டிரைவ் பழையதன் மேல் பிரதியாகி எல்லாம் அழிந்துவிடும்.

இரண்டாவது வழி, புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது. நேரம் கூடுதலாகும். ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த குப்பையும் வைரஸும் கூடவே வராது. நாங்கள் இதைத்தான் பரிந்துரைக்கிறோம்.

மாட்டும் வேலை கால் மணி நேரம்தான். பவர் வயரை முழுவதுமாகப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்குங்கள். பழைய டிஸ்க்கின் டேட்டா வயரைக் கழற்றி அதே இடத்தில் புதியதை இணையுங்கள். எஸ்.எஸ்.டி. சிறியது என்பதால் டெஸ்க்டாப்பின் இடத்தில் உட்கார ஒரு சிறு தகட்டுச் சட்டம் வேண்டும். சுழலும் பாகம் இல்லாததால் இரண்டு திருகில் நின்றாலும் போதும். காற்றாடியில் படிந்த தூசியையும் அப்போதே ஊதிவிடுங்கள். ரைஸ்மில்லுக்குப் பக்கத்து வீடுகளில் உமித்தூசி கம்பளம் போலப் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

புதிதாகச் சிஸ்டம் போடுவோர் அதற்கு முன்பே பயாஸில் சாட்டா முறையை ஏ.எச்.சி.ஐ. என்று வையுங்கள். ஏற்கெனவே ஐ.டி.ஈ. முறையில் ஓடும் விண்டோஸைப் பிரதி எடுத்தவர்கள் அதைத் திடீரென மாற்றாதீர்கள். மாற்றினால் கம்ப்யூட்டர் திறக்காமல் நின்றுவிடலாம். வேலை முடியும்வரை பழைய டிஸ்க்கை இணைக்காமல் தனியே வையுங்கள். தவறுதலாக அதை ஃபார்மட் செய்யும் விபத்து இப்படித்தான் தவிர்க்கப்படும். ஒரு மாதம் எல்லாம் சரியாக ஓடிய பிறகு அதில் கை வைக்கலாம்.

விண்டோஸ் 10 நின்றுவிட்டதே?

நியாயமான கேள்வி. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறக்குறைய 2018க்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். அதனால் பழைய டெஸ்க்டாப்கள் பெரும்பாலும் முறைப்படி அதற்குத் தகுதி பெறாது. எஸ்.எஸ்.டி. போடுவதால் இந்த நிலை மாறாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

படிப்பு, எழுத்து வேலை, இணையம் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் போடலாம். லினக்ஸ் நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிதல்ல. தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பலரும் பார்த்திருப்பார்கள். தமிழ்99 தட்டச்சும் அதில் உண்டு. 4 ஜி.பி. ரேமில் நன்றாக ஓடும். பென் டிரைவில் போட்டு, எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே சோதித்துக்கொள்ளுங்கள். டேலி போன்றவை தேவைப்படுவோருக்கு மட்டும் விண்டோஸ் அவசியம். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் திருத்தங்கள் நின்ற பிறகு வங்கி வேலை பார்க்காமல் இருப்பது நல்லது.

அரசு மடிக்கணினிகளும்

2011இல் தொடங்கிய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. பல வீடுகளில் அவை அலமாரியில் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இதே இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க்தான். டெஸ்க்டாப்பை விடவும் மெதுவாகச் சுழல்வது. அதே எஸ்.எஸ்.டி. அதற்கும் பொருந்தும். பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் செருகி வீட்டில் படிக்க அது போதும். அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினி தம்பிக்கும் தங்கைக்கும் உதவும்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

தயவுசெய்து கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். "எக்ஸ்சேஞ்சில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆதார், பாஸ்போர்ட், விசா நகல்கள், வங்கிப் புத்தகத்தின் ஸ்கேன், நம் வீட்டுப் பெண்களின் திருமணப் படங்கள், வீடியோக்கள். அழித்துவிட்டோம், ஃபார்மட் செய்துவிட்டோம் என்பது போதாது. சாதாரண விரைவு ஃபார்மட், புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். இலவச மென்பொருளைக் கொண்டே மீட்டுவிடலாம்.

நல்ல நிலையிலுள்ள டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக மாட்டிக்கொள்ளுங்கள். அல்லது தனி அடாப்டரோடு வரும் யு.எஸ்.பி. உறையில் போட்டு பேக்கப்புக்கு வையுங்கள். பிறருக்குக் கொடுப்பதானால் "குவிக் ஃபார்மட்" என்ற தேர்வை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்தைய பதிப்புகளில் அது டிஸ்க் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பும். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். வேலை செய்யாத டிஸ்க் என்றால் திறந்து தட்டுகளை உடைத்துவிட்டு, மின்னணுக் கழிவு சேகரிக்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒப்படையுங்கள். குப்பையோடு கொளுத்தவோ, வாய்க்காலில் எறியவோ வேண்டாம்.

போட்ட பிறகு

"எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே?" என்று கேட்கிறார்கள். அதன் சிப்புகளில் எழுதி அழிப்பதற்கு ஓர் எல்லை இருப்பது உண்மை. சாதாரண 240 ஜி.பி. டிரைவ்களுக்கு 80 டெராபைட் வரை எழுதலாம் என்று நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. தினம் 20 ஜி.பி. எழுதினாலும் 4,000 நாள், அதாவது ஏறக்குறைய 11 ஆண்டு ஆகும். வீட்டில் அவ்வளவு யாரும் எழுதுவதில்லை. பழைய பழக்கத்தில் டிஃப்ராக் மட்டும் செய்யாதீர்கள். அது சுழலும் தட்டுக்கான வைத்தியம். இதில் வீண் தேய்மானம்.

வேறொரு எச்சரிக்கை முக்கியம். ஹார்டு டிஸ்க் கெடும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. சத்தமின்றி ஒருநாள் நின்றுவிடலாம். அதில் அழித்த ஃபைலை மீட்பதும் மிகக் கடினம். எனவே முக்கியமான எதற்கும் இரண்டாவது பிரதி இருக்கட்டும், அதுவும் வேறொரு கட்டடத்தில். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது நம் டெல்டா கடலோரம் பட்ட பாட்டை மறக்க முடியாது. ஓடு பறந்து, வீட்டுக்குள் மழை இறங்கி, பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அப்படியொரு நாளில் கம்ப்யூட்டரும் பேக்கப்பும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எங்கள் உதவிப் பட்டியலின் நகல் இப்போது பாஸ்வேர்டு போட்டு இரண்டு நிர்வாகிகளின் வீடுகளில் தனித்தனியே இருக்கிறது. மாதக் கடைசி வெள்ளியன்று புதுப்பிக்கிறோம்.

மின்வெட்டுக்கு யு.பி.எஸ். அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்.எஸ்.டி.யிலும் ஃபைல் கெடும். அதே போல எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வருடக்கணக்கில் பீரோவில் வைத்து, பேக்கப் இருக்கிறது என்று நம்பவும் வேண்டாம். மின்சாரமே காணாமல் கிடந்தால் அதிலுள்ளவை மெல்ல அழியக்கூடும். நீண்ட காலம் பூட்டி வைக்கப் பழைய ஹார்டு டிஸ்க்கே மேல்.

நிறைவாக

எல்லாப் பழைய கம்ப்யூட்டரையும் காப்பாற்ற முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. எஞ்சினியரிங் வரைபடம், வீடியோ எடிட்டிங் படிக்கும் பிள்ளைக்குப் புதிதுதான் தேவைப்படலாம். அதற்காக உதவி கேட்டு வருவோரை நாங்கள் திருப்பி அனுப்பப் போவதும் இல்லை. ஆனால் பாடம் படிக்க, விண்ணப்பம் போட, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராக, வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப்.பைப் பெரிய திரையில் பார்க்க வீட்டில் இருப்பதே போதும். ஒரு குடும்பத்துக்குப் புதிது வாங்கித் தரும் தொகையில், பல குடும்பங்களின் பழையதைச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்பதே எங்கள் கணக்கு.

துணி போட்டு மூடி வைத்திருப்பதை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பெட்டியை மட்டும் கொண்டுவந்தால் போதும், மானிட்டர் வேண்டாம். பொருந்துமா, பொருந்தாதா என்று நம் இளைஞர்கள் பார்த்துச் சொல்வார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் வீட்டிலேயே நகல் எடுத்துவிட்டு வாருங்கள். எடுக்கத் தெரியாதவர்கள், உங்கள் கண்முன்னே எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை நேரமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அது உங்கள் உரிமை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.